பாடசாலையில் இணையம்: எத்தகைய ஒழுங்குவிதி வேண்டும்?

 

இன்றைய உரைக்காக நான் தெரிவு செய்த விடயம், எமது பாடசாலைகளில் மாணவர்களின் இணையப் பாவனைக்கு ஒழுங்குவிதிகளை வகுத்துக்கொள்வது பற்றியதாகும். இது அதிபரும் தகவல் தொழில்நுட்ப ஆசிரியரும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிருவாகக் கருமம்தானே, இதற்கும் எமக்கும் என்ன தொடர்பு என்று எண்ணும் பெற்றோர் உளர். அவர்களையே முதலில் விளித்துப் பேச விரும்புகின்றேன். பாடசாலையின் ஒழுங்குவிதி பிழையாக அமைந்தால் அதன் சுமை ஆய்வுகூடத்துக் கணினியின் மீது விழுவதில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளையின் தலைமீதே விழுகின்றது.

இலங்கையில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டில் ஆரம்பமானது. அதன் பின்னர் மெல்ல மெல்லப் பாடசாலைகளுக்குக் கணினி ஆய்வுகூடங்கள் வந்தன. உயர்தர மாணவருக்குப் பொதுத் தகவல் தொழில்நுட்பப் பரீட்சை வந்தது. சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் ஒரு பாடமாயிற்று. அக்காலத்தில் இணையத்துக்கான ஒழுங்குவிதி என்பது உண்மையில் ஒரு திறப்புத்தான். ஆய்வுகூடத்தின் திறப்பு ஆசிரியரின் சட்டைப்பையில் இருந்தது. அவர் திறந்தால் இணையம் உண்டு, பூட்டினால் இல்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனா தொற்றின் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்தத் திறப்பின் காலம் முடிவடைந்தது. அதுவரை பாடசாலை வாசலில் தடைசெய்யப்பட்டிருந்த கையடக்கத் தொலைபேசியே வகுப்பறையாயிற்று. பாடங்கள் வட்ஸ்அப் வழியாகவும் சூம் வழியாகவும் வந்தன. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தைப் பற்றி அதற்கு முன்னர் கேள்விப்பட்டிராத பெற்றோரும் அதன் பெயரை அறிந்துகொண்டனர். 2021இல் ஊவா மாகாணத்துக் கிராமமொன்றில் பிள்ளைகளும் ஆசிரியரும் சமிக்ஞை தேடி மலையில் ஏறியும் மரத்தில் அமர்ந்தும் பாடம் நடத்திய செய்தியை நீங்கள் வாசித்திருப்பீர்கள். பாடசாலைகள் மீண்டும் திறந்தன. தொலைபேசி மட்டும் பிள்ளையின் கையை விட்டுப் போகவில்லை. எமது பல பாடசாலைகளின் ஒழுங்குவிதியோ இன்னும் அந்தத் திறப்பின் காலத்திலேயே நிற்கின்றது.

ஒரு பாடசாலையின் கணினி ஆய்வுகூட வாசலில் ஒட்டப்பட்டிருந்த அறிவித்தலை ஒருமுறை நின்று வாசித்தேன். பாதணிகளுடன் உள்ளே வரக்கூடாது என்பது முதலாவது வரி. அதன் கீழே பதினொரு "கூடாது". உணவு கூடாது, பேச்சுக் கூடாது, விளையாட்டுக் கூடாது, பேஸ்புக் கூடாது. இறுதி வரி, மீறுவோர் பாடசாலையிலிருந்து நீக்கப்படுவர் என்பதாகும். பாதணிக்கும் அதே தண்டனைதானா என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. அந்த அறிவித்தலில் எதற்காக என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. பிள்ளைக்கு ஒரு துன்பம் நேர்ந்தால் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்பதும் இல்லை.

இந்த இரண்டாவது குறைதான் என்னை அஞ்ச வைக்கின்றது. ஏன் என்பதைச் சற்று விரிவாகவே கூறுகின்றேன். முன்பின் அறியாத ஒருவன் இணைய விளையாட்டு ஒன்றினூடாகவோ ஒரு பெண் பிள்ளையின் பெயரில் திறந்த பொய்க் கணக்கினூடாகவோ பதினான்கு வயதுப் பிள்ளையுடன் பழகுகின்றான். சில நாட்கள் அன்பாகப் பேசுகின்றான். பின்னர் ஒரு படம் கேட்கின்றான். படம் கைக்கு வந்த மறுகணமே அவனுடைய குரல் மாறிவிடுகின்றது. பணம் தா, இன்னொரு படம் தா, இல்லையேல் உன் அதிபருக்கு அனுப்புவேன், உன் வாப்பாவுக்கு அனுப்புவேன், உன்னைப் பாடசாலையிலிருந்து துரத்திவிடுவார்கள் என்கின்றான். பெற்றோர்களே, இங்கே கவனியுங்கள். அவன் கையில் எடுத்திருப்பது நாம் எழுதி ஒட்டிய அந்த இறுதி வரியைத்தான். பிள்ளையைக் காப்பதற்கென்று நாம் இயற்றிய விதி, பிள்ளையை மிரட்டுபவனின் ஆயுதமாக மாறிவிட்டது. சொன்னால் தண்டனை நிச்சயம் என்பதை அறிந்த பிள்ளை சொல்லாமலே இருக்கும். உண்ணாமல், உறங்காமல், படிக்காமல் தனியே அந்தச் சுமையைத் தூக்கித் திரியும். எவ்வளவு தூரம் திரியும் என்பதை நான் இங்கு சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே இணையப் பாவனை பற்றிய ஒழுங்குவிதியில் முதலாவதாக எழுதப்பட வேண்டியது தடையல்ல, ஒரு வாக்குறுதி. "இணையத்தில் உனக்கு அச்சமோ அவமானமோ தரும் எதுவும் நேர்ந்தால், நீ விதியை மீறிய வேளையில் அது நேர்ந்திருந்தாலும், வந்து சொல். சொன்னதற்காக நீ தண்டிக்கப்படமாட்டாய்." இதனை அதிபர் கையொப்பமிட்டு எழுத வேண்டும். யாரிடம் சொல்வது என்பதற்கு ஓர் ஆண் ஆசிரியரும் ஒரு பெண் ஆசிரியரும் பெயர் குறிப்பிட்டு நியமிக்கப்பட வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் அதன் கீழே இருக்க வேண்டும். அங்கு இருபத்துநான்கு மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இவ்வாறு இடம் கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்களே என்று சிலர் கூறுவர். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதியிருப்பதை அவர்கள் ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். பிள்ளை முதல் தடவை ஒரு தவறு செய்தால், அதிலும் அதனை மறைக்க முயன்றால், காணாததுபோல் விட்டுவிடுமாறும், அதனைப் பலர் முன் அம்பலப்படுத்த வேண்டாம் என்றும், மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்குமாறும் அன்னார் அறிவுறுத்துகின்றார். அம்பலப்பட்டுப் போன பிள்ளைக்கு வெட்கம் போய்விடும், பின்னர் அது எதற்கும் துணிந்துவிடும் என்பது அவர் கூறும் காரணம். காலைக் கூட்டத்தில் ஒரு மாணவனை மேடையில் ஏற்றி அவனுடைய தொலைபேசியில் என்ன இருந்தது என்று அறிவிக்கும் வழக்கத்துக்கு அந்த நூலில் ஆதாரம் தேட முடியாது.

நேயர்களே! பிள்ளைகளுக்கு விதி வகுப்பது எப்படி என்பதற்குத் திருக்குர்ஆனிலேயே ஓர் அழகிய முன்மாதிரி உண்டு. ஸூரா அந்நூரின் 58ஆம், 59ஆம் வசனங்களைக் கூறுகின்றேன். வீட்டிலுள்ள சிறு பிள்ளைகள் பெரியோரின் தனியறைக்குள் நுழைவதற்கு மூன்று வேளைகளில் அனுமதி பெற வேண்டும் என்பது அங்குள்ள கட்டளையாகும். ஸுப்ஹுக்கு முன், நண்பகல் ஓய்வு வேளை, இஷாவுக்குப் பின். இக்கட்டளை எவ்வாறு அமைந்திருக்கின்றது என்று பாருங்கள். எப்போதும் வராதே என்று அது கூறவில்லை. மூன்று வேளைகளைக் குறித்துக் கூறுகின்றது. ஏனைய வேளைகளில் குற்றமில்லை என்பதையும் சேர்த்தே கூறுகின்றது. அவை உடை களைந்து தனித்திருக்கும் வேளைகள் என்று காரணத்தையும் சொல்கின்றது. பிள்ளை பருவமடைந்ததும் விதி மாறுகின்றது. அதன்பின் எல்லா வேளையிலும் அனுமதி கேட்க வேண்டும். இத்தனைக்கும் அக்கட்டளை யாரை விளித்துத் தொடங்குகின்றது? பிள்ளைகளை அல்ல, ஈமான் கொண்ட பெரியோரை.

இந்தக் கண்ணோட்டத்தோடு ஒரு பாடசாலை தனது இணைய விதியை எழுத உட்கார்ந்தால், தரம் 6 பிள்ளைக்கும் உயர்தர மாணவனுக்கும் ஒரே தாளைக் கொடுக்க மாட்டாது. சிறு வகுப்புகளில் ஆசிரியர் அறையில் இருக்கும்போது மட்டும், அவர் காட்டிய தளங்களில் மட்டும் என்று இருக்கலாம். உயர்தர மாணவனுக்குத் தானாகத் தேடுவதற்குரிய நேரம் வேண்டும். இல்லையேல் பல்கலைக்கழகம் செல்லும் நாள்வரை அவன் தேடவே கற்றுக்கொள்ள மாட்டான். எந்நேரம் அனுமதி, எந்நேரம் இல்லை என்பது நேரசூசியில் இருக்கட்டும். ஆசிரியரின் அன்றைய மனநிலையில் இருக்க வேண்டாம்.

வெளிநாடுகளும் இவ்விடயத்தில் தடுமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரான்ஸ் 2018இல் ஆரம்ப, கனிஷ்ட இடைநிலைப் பாடசாலைகளில் தொலைபேசிப் பாவனையைச் சட்டத்தால் தடுத்தது. அவுஸ்திரேலியா 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்குட்பட்டோர் முக்கிய சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுத்தது. பேஸ்புக், இன்ஸ்டகிராம் போன்றன தமது விதிப்படியே பதின்மூன்று வயதுக்குட்பட்டோரை ஏற்பதில்லை. ஆனால் எமது ஊர்களில் பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்குத் திறந்து கொடுப்பவர் யார்? வாப்பாதான், அல்லது மூத்த நானாதான். பிறந்த ஆண்டை எட்டு வருடம் பின்னால் தள்ளிப் பதிந்து விடுகின்றார். அதனால் விளைவது என்ன? அந்தப் பிள்ளை பத்தாவது வயதிலேயே அந்த நிறுவனத்தின் ஏட்டில் வளர்ந்த மனிதராகப் பதியப்படுகின்றது. அந்நியர் செய்தி அனுப்புவதைக் கட்டுப்படுத்தல் போன்ற, சிறுவர் கணக்குகளுக்கென்று வைக்கப்பட்ட பாதுகாப்புகள் அப்பிள்ளைக்குக் கிடைக்காமல் போகின்றன. தர எண்ணமில்லாத ஒன்றைத் தருவதாகக் கூறிப் பிள்ளையை அழைத்தால்கூட அது பொய்யாகவே பதியப்படும் என்று ஒரு தாய்க்கு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த சம்பவத்தை நாம் குத்பாக்களில் கேட்டிருக்கின்றோம். பிறந்த திகதியைப் பொய்யாகப் பதிவது அதைவிடச் சிறியதா?

பாடசாலைகள் தமக்குத் தாமே முரண்படுவதும் உண்டு. மாணவர் தொலைபேசி வைத்திருக்கக்கூடாது என்கின்றது விதி. இரவு பத்து மணிக்கு வகுப்பு வட்ஸ்அப் குழுவில் வீட்டுவேலை வருகின்றது. அதனைப் பார்க்கப் பிள்ளை தொலைபேசியை எடுக்கின்றது. வீட்டுவேலையைப் பார்த்த பின்னர் திரும்ப வைப்பதில்லை. குழுவின் செய்திகள் மாலை இத்தனை மணிக்குப் பின் அனுப்பப்படமாட்டா என்று ஆசிரியர்களுக்கும் ஒரு விதி எழுதினால் அரைவாசிப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது எனது அபிப்பிராயம்.

இனிப் புகைப்படங்களைப் பற்றி. ஒருவரின் அனுமதியின்றி அவரைப் படமெடுத்துப் பரப்பக்கூடாது என்பது மாணவருக்கு அவசியமான விதி, அதில் ஐயமில்லை. ஆனால் அதனை அதிகம் மீறுவது யார்? விளையாட்டுப் போட்டி முடிந்த அன்றிரவே பெண் பிள்ளைகளின் படங்கள் பெயருடனும் வகுப்புடனும் பாடசாலையின் பேஸ்புக் பக்கத்தில் வந்துவிடுகின்றன. புலமைப்பரிசில் முடிவுகள் வெளியானதும் பிள்ளையின் முகம், முழுப் பெயர், புள்ளி, சில இடங்களில் சுட்டெண்கூடப் பகிரப்படுகின்றது. சுட்டெண் இருந்தால் பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் எவரும் பெறுபேற்றைப் பார்க்கலாம் என்பது தெரியாதா? வெட்டுப்புள்ளிக்குக் கீழே நின்ற பிள்ளையைப் பற்றி அந்த வேளையில் யாரும் நினைப்பதில்லை. ஆகவே அனுமதி பெற்றே படம் என்ற விதி பாடசாலைக்கும் சேர்த்தே எழுதப்பட வேண்டும்.

பறிமுதல் செய்யப்பட்ட தொலைபேசியைத் திறந்து பார்ப்பது அதனினும் பாரதூரமானது. ஆய்வுகூடத்துக் கணினிகள் கண்காணிக்கப்படுகின்றன என்று முற்கூட்டியே அறிவித்துவிட்டுக் கண்காணிப்பது வேறு. அது மேற்பார்வை. ஒரு மாணவியின் தொலைபேசியை வாங்கி, அவளுடைய படங்களையும் செய்திகளையும் ஆசிரியர் ஓய்வறையில் கைமாற்றிப் பார்ப்பது வேறு. அது ஸூரா அல்ஹுஜுராத் தடுத்த துருவித் துருவி ஆராய்தலன்றி வேறென்ன? தொலைபேசியை அணைத்து, உறையிலிட்டு, பெற்றோரிடம் கையளிப்பதோடு பாடசாலையின் கடமை நிறைவுறுகின்றது. பாரிய குற்றமொன்றின் சந்தேகம் இருந்தால் அதனை விசாரிக்க அதிகாரிகள் உளர். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் உள.

இளம் சகோதரர்களே, சகோதரிகளே! உங்களோடும் சிறிது பேச வேண்டும். ஒப்படைக்கான தகவலை இணையத்திலிருந்து எடுப்பதில் தவறில்லை. எடுத்ததை உன்னுடையது என்று சொல்வதில்தான் தவறு. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் கட்டுரையையே எழுதித் தந்துவிடுகின்றன. அவை எழுதுவது சரளமாக இருக்கும். பிழையான தகவலையும் அதே சரளத்தோடு கூறும். இல்லாத நூலுக்குப் பெயரும் பக்கமும் கொடுக்கும். ஹதீஸ் கலையில் எமது முன்னோர் ஒரு செய்தியைக் கேட்டால் அதற்கு முன்னர் அதனைக் கொண்டுவந்தவரின் தொடரைக் கேட்டார்கள். யாரிடம் கேட்டாய், அவர் யாரிடம் கேட்டார், அவர் நினைவாற்றல் உடையவரா, நேர்மையாளரா என்று ஒவ்வொருவராக ஆராய்ந்து நூல்கள் எழுதினார்கள். அத்தகைய சமுதாயத்தின் பிள்ளை, "கூகுளில் இருந்தது" என்று ஆசிரியரிடம் கூறுவது பொருந்துமா? எங்கிருந்து எடுத்தாய் என்று ஒரு வரி எழுதச் சொல்வது எளிய விதி. அதனைத் தரம் 6இலேயே தொடங்கலாம்.

வந்த செய்தியை அப்படியே அனுப்பிவிடும் பழக்கத்தின் விலை என்ன என்பதை எமது சமூகம் நன்கறியும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகர உணவகமொன்றில், உணவில் கருத்தடை மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு குற்றச்சாட்டு எழுப்பப்பட்டது. அச்சுறுத்தலின் நடுவே உணவகத்தில் இருந்தவர் கூறிய பதில் படமாக்கப்பட்டுப் பேஸ்புக்கில் பரவியது. பின்னர் அரச பகுப்பாய்வாளர் பரிசோதித்து, அது மாவுக் கட்டிதான் என்று அறிவித்தார். அந்த அறிக்கை வருமுன்பே பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டுவிட்டன. மார்ச் மாதத்தில் திகனவிலும் தெல்தெனியவிலும் நடந்தவற்றின்போதும் அதே வகைச் செய்திகள் கையிலிருந்து கைக்குப் பாய்ந்தன. அந்தப் பொத்தானை அழுத்தியவர்களில் எத்தனை பேர் பாடசாலை மாணவராக இருந்திருப்பர்! அநியாயத்துக்கு உள்ளான எமக்கு, இன்னொரு சமூகத்தைப் பற்றி எமது குழுக்களில் வரும் செய்தியையும் அதே தராசில் நிறுக்கும் கடமை உண்டு.

அந்த மார்ச் மாதத்தில் அரசாங்கம் சமூக ஊடகங்களை ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கியபோது, வி.பி.என் என்ற மாற்றுவழியை நாடு முழுவதும் இளைஞர்கள் ஓரிரு நாட்களில் கற்றுக்கொண்டார்கள். ஆகவே வடிகட்டி ஒன்றைப் பொருத்திவிட்டோம், இனிப் பயமில்லை என்று எந்த அதிபரும் நிம்மதி கொள்ள வேண்டாம். வடிகட்டி என்பது தளங்களின் முகவரிகளையும் சொற்களையும் ஒரு பட்டியலோடு ஒப்பிட்டுத் தடுப்பதாகும். பட்டியலில் இல்லாத தீமை உள்ளே வரும்; உயிரியல் பாடத்தின் இனப்பெருக்க அலகு வெளியே நிற்கும். சிறு வகுப்புகளுக்கு அது பயன்தரும். கணினிகளின் திரைகள் ஆசிரியர் காணும் பக்கமாகத் திரும்பியிருப்பது அதைவிட மலிவானது, பயனும் கூடியது.

இன்னொரு விடயத்தை மறைக்காமல் கூற வேண்டும். எமது வீடுகளில் பலவற்றில் இணைய விதி என்பது பெண் பிள்ளைக்கு மட்டும் உரியதாக இருக்கின்றது. மகன் நள்ளிரவுவரை தொலைபேசியோடு இருப்பான். அவனைக் கேட்பாரில்லை. மகள் ஒப்படைக்காகக் கேட்டாலும் தம்பி பக்கத்தில் அமர்ந்து பார்க்க வேண்டும். படத்தைக் கேட்டு மிரட்டுபவன் எந்த வீட்டில் வளர்ந்தான் என்று சிந்தித்தால், விதி அதிகம் தேவைப்படுவது யாருக்கு என்பது விளங்கும். பாடசாலை விதியும் இருபாலாருக்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். ஆய்வுகூட நேரமும் சமமாகப் பங்கிடப்பட வேண்டும்.

இதனை யார் எழுதுவது? பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தால், எம்மில் பலர் கட்டணம் பற்றிய விடயம் முடிந்ததும் எழுந்து வந்துவிடுகின்றோம். அடுத்த கூட்டத்தில் சற்று அமர்ந்திருங்கள். எமது பாடசாலைக்கு எழுதப்பட்ட இணைய விதி உண்டா, அது பெற்றோரிடம் தரப்பட்டதா என்று கேளுங்கள். ஒரு பிள்ளை முறையிட வந்தால் முதலில் அதற்கு என்ன நடக்கும் என்றும் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு சிறு குழு அமைக்கச் சொல்லுங்கள். அதில் ஆசிரியர் இருவர், பெற்றோர் இருவர், மாணவரும் இருவர் இருக்கட்டும். மாணவர் எதற்கு என்று முகம் சுளிக்க வேண்டாம். தம்மைப் பாதிக்கும் விடயங்களில் பிள்ளைகளின் கருத்துக் கேட்கப்பட வேண்டும் என்பது, 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்று, 1991இல் இலங்கையும் உறுதிப்படுத்திய சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை. மேலும், எந்த விளையாட்டில் எந்த அந்நியன் வந்து பேசுகின்றான், எந்தச் செயலியில் செய்தி தானாக மறைந்துவிடுகின்றது என்பதெல்லாம் அந்த மேசையைச் சுற்றி அமர்ந்திருப்போரில் அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்திருக்கும்.